திருத்தக் கற்றலும் கல்வியே

எமது கல்லூரியன்னை தன் விழாவினைக் கொண்டாடும் இவ்வேளையிலே, அவள் பெற்ற மக்களின் பெருமையைப் பேசுவோர் பலர். மருத்துவர் இத்துணையர், பொறியியலாளர் இத்துணையர், கணக்காளர் இத்துணையர் என எண்ணிச் சொல்லுதல் விழா மலர்களுக்கு இயல்பு. அப்பெருமையில் நமக்கும் பங்குண்டு. ஆயினும் அப்பெயர்களைப் படிக்குந்தோறும் வேறொரு வினா நம் உள்ளத்தில் எழுகின்றது. இத்துணைக் கற்றோர் வாழும் வீடுகளிலே, ஒழுகும் நீர்க்குழாயை நிறுத்தத் தெரிந்தவர் எத்துணையர்? வழியிலே காற்றிழந்து நிற்கும் காரின் சில்லைத் தாமே மாற்ற வல்லவர் எத்துணையர்? இவ்வினா சிறிதெனத் தோன்றலாம். அது சிறிதன்று என்று எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் தமிழாசிரியருக்கு ஸ்பனரும் குறடும் பற்றிப் பேச என்ன உரிமை என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். அவ்வுரிமையை நமக்குத் தமிழ்ச்சொல் ஒன்றே தந்துள்ளது. நாம் நாடோறும் செய்யும் வேலைக்குத் திருத்துதல் என்று பெயர். மாணவர் எழுதிய கட்டுரைக் கொப்பியை எடுத்து, பிழை எங்கேயுள்ளது, எதனால் நேர்ந்தது, எவ்வாறு செவ்விதாகும் என ஆராய்ந்து சிவப்பு மையாற் குறிக்கின்றோம். நம்மூர்ச் சந்தியிலே கடை வைத்திருப்பவரும் அதே சொல்லைத்தான் தம் பெயர்ப்பலகையிலே எழுதியிருக்கின்றார்: துவிச்சக்கரவண்டி திருத்துமிடம். திருந்து என்பது தன்வினை. திருத்து என்பது பிறவினை. கொப்பியாயினும் வண்டியாயினும், முதலிற் கூர்ந்து நோக்குதல், பின்பு காரணம் காணுதல், அதன்பின் கை வைத்தல் என்னும் முறை ஒன்றே. இம்முறையைக் கல்வி என்று சொல்லாமல் வேறெதனைக் கல்வி என்போம்?

ஆயினும் நம் சமூகம் அவ்வாறு கருதவில்லை. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலே எழுதுவினைஞர் உத்தியோகம் குடாநாட்டு இளைஞர் பலருக்கு வாழ்வளித்தது. கொழும்புக்குச் சென்றோரும் மலாயாவுக்குக் கப்பலேறினோரும் பேனாவின் துணைகொண்டே குடும்பங்களை உயர்த்தினர். அதன் நன்றியுணர்வினால் பேனாவைப் போற்றினோம், அது தக்கதே. ஆனால் அதனோடு, கையில் அழுக்குப் படாத தொழிலே மேலான தொழில் என்னும் எண்ணமும் வளர்ந்துவிட்டது. கைவினைகளைக் குலங்களோடு கட்டிவைத்து, அவற்றைச் செய்வோரைத் தாழ்வாக நோக்கிய பழைய கொடுமையும் அவ்வெண்ணத்துக்கு உரமிட்டது. இன்று அக்கொடுமையை வெளிப்படையாக ஆதரிப்பார் அரியர். எனினும் மகனொருவன் மோட்டார் திருத்தப் பழகப் போகின்றேன் என்று சொன்னால், கற்றறிந்த தந்தையின் முகம் வாடுவதை நாம் இன்றும் காண்கின்றோம்.

நம் சமய மரபு இவ்வாறு கற்பிக்கவில்லை. திருநாவுக்கரசு நாயனாரின் திருவுருவத்தை நோக்குங்கள். சொல்லுக்கு அரசர் எனப் பெயர் பெற்ற அப்பெருமான் கையில் ஏந்தி நிற்பது உழவாரப்படை. திருக்கோயில் வீதியிலே புல்லும் பூண்டும் செதுக்கும் கருவி. அவர் பாடிய வாயைப் போற்றும் நாம், வேலை செய்த கையை மறந்துவிட்டோம். அறுபத்து மூவரிலே திருநீலகண்டர் மட்கலம் வனைந்தவர்; நேசர் நெசவு செய்தவர். நவராத்திரி நிறைவிலே நாம் ஏட்டையும் எழுதுகோலையும் கலைமகள் திருமுன்னே வைக்கின்றோம். அந்நாளிலேயே தச்சர் தம் உளியையும் ஓட்டுநர் தம் வண்டியையும் சந்தனமும் குங்குமமும் இட்டு வழிபடுகின்றனர். ஏட்டுக்கும் உளிக்கும் பூசை ஒன்றாயின், பள்ளிக்கூடத்திலே மட்டும் அவற்றைப் பிரித்து வைப்பது எங்ஙனம் பொருந்தும்?

முன்னாளில் நம்மவர் வீடுகளிலே கைவேலை அறியாதார் அரியர் என்பதையும் நினைத்தல் வேண்டும். ஆண்டுக்கொரு முறை கிடுகு பின்னி வேலி அடைப்பது குடும்பத்தார் அனைவரும் கூடிச் செய்யும் வேலை. கிணற்றுக் கப்பிக்கு எண்ணெயிடுதலும், துலாக் கயிறு தேய்ந்ததைக் கண்டு மாற்றுதலும், மாரிக்கு முன் கூரையேறி உடைந்த ஓட்டை எடுத்துப் புது ஓடு செருகுதலும் பள்ளியாசிரியர் வீட்டிலும் நடந்தவையே. கிடுகு வேலி மதிலாயிற்று. துலா மின்விசை இயந்திரமாயிற்று. பழைய பொருள்கள் போனபோது அவற்றைப் பேணும் அறிவும் உடன் போயிற்று. புதிய பொருள்கள் வந்தபோதோ, அவற்றைப் பேணும் அறிவு வீட்டுக்குள் வரவில்லை.

அவ்வறிவின் அருமையை நம் தலைமுறையினர் கண்ணாரக் கண்டனர். 1990 ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்ட பின்னர், குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. நாம் மாணவராயிருந்த காலம் அது. ஜாம் போத்தலிலே சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியிட்டு, அவ்வொளியிலே படித்தோம். துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிலே பிறந்த மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டோம். வீதிகளிலே பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலால் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புகை மிகுந்தது, இயந்திரம் தேய்ந்தது, எனினும் நோயாளர் மருத்துவமனை சேர்ந்தனர். இவற்றையெல்லாம் கண்டு செய்தோர் பெரும்பாலும் பட்டதாரிகள் அல்லர். தம் கைகளால் நாடோறும் பொறிகளைக் கழற்றிப் பூட்டியவர்கள். கற்றோர் அனைவரும் அந்நாளிலே அவர்கள் கடை வாயிலிற் காத்து நின்றனர்.

அது போர்க்காலம், கடந்துவிட்டது என்று கருதுவோர் பின்னர் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பார்க்கட்டும். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம், இருந்த வண்டியையே பேணி ஓட்டவேண்டிய நிலை. 2022 ஆம் ஆண்டு மார்ச் 31 ஆம் நாள் மின்வெட்டு 13 மணி நேரம் நீடித்தது; எரிபொருளுக்காக வீதியோரங்களிலே இரவு பகலாக மக்கள் காத்திருந்தனர். பணமுள்ளவரும் அவ்வாண்டிலே உதிரிப்பாகத்துக்கு அலைந்தனர். பழுதானதை எறிந்து புதியது வாங்குவோம் என்னும் துணிவு, துறைமுகத்துக்குக் கப்பல் வரும் வரைக்கும் மட்டுமே நிலைக்கும்.

இதனினும் நெஞ்சை வருத்துவது வேறொன்று. நம்மூர்களிலே முதியோர் தனித்து வாழும் இல்லங்கள் பெருகிவிட்டன. பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் ஆவுஸ்திரேலியாவிலும் இருக்கின்றனர். பணம் வருகின்றது, கை வருவதில்லை. நாமறிந்த ஓரில்லத்திலே, கிணற்று நீரைத் தாங்கிக்கு ஏற்றும் இயந்திரம் சுழன்றது, நீரோ வரவில்லை. வந்து பார்த்த வேலையாள் ஒருவர், மோட்டர் பழுது, புதியது வாங்குக என்று சொல்லிச் சென்றார். எழுபது கடந்த அம்மையாரும் அவர் கணவரும் மூன்று நாள் வாளியால் அள்ளிச் சுமந்தனர். பின்பு அயல்வீட்டு மாணவி ஒருத்தி, பதினோராந் தரத்திற் படிப்பவள், வந்து நோக்கினாள். நீர் ஊற்றி இயக்கினால் சிறிது நேரம் வருவதும், நிறுத்தி வைத்தால் குழாயிலுள்ள நீர் மீண்டும் கிணற்றுக்குள் இறங்கிவிடுவதும் கண்டாள். தன் தமையனைக் கூட்டி வந்து குழாயை மேலே இழுப்பித்தாள். அடியிலிருந்த புட்வால்விலே மாவிலைச் சருகு ஒன்று சிக்கி, வாயை மூடவிடாது தடுத்திருந்தது. சருகை நீக்கி, குழாய் நிறைய நீர் விட்டு இயக்கியவுடன் தாங்கி நிரம்பிற்று. இத்தகைய இயந்திரம் காற்றை இழுத்து நீரைத் தூக்க வல்லதன்று, குழாய் நிறைந்திருந்தாலே அது வேலை செய்யும் என்னும் ஒரே உண்மையை அவள் அறிந்திருந்தாள். அவ்வறிவு அவ்வீட்டுக்கு ஒரு மோட்டரின் விலையை மிச்சப்படுத்தியது. முதியோர் இருவரின் முதுகையும் காத்தது.

இனி, ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டியவை யாவை என்பதைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது மின்சாரம். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று மின்; அது தவறை மன்னிப்பதில்லை. ஆதலால் முதற்பாடம், மூலச் சுவிச்சு எங்கேயுள்ளது என்று வீட்டார் அனைவரும் அறிதல். இரண்டாவது பாடம், ட்ரிப் சுவிச் என நாம் அழைக்கும் காவற்கருவியைப் பற்றியது. வீட்டுக்குள் செல்லும் மின்னும் திரும்பும் மின்னும் ஒத்திருக்கின்றனவா என்பதை அது இடையறாது ஒப்பிடுகின்றது. வீடுகளுக்குப் பொருத்தப்படுபவற்றிலே பெரும்பாலானவை 30 மில்லி அம்பியர் அளவு வேறுபாட்டுக்கே விழுந்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானைச் சில மாதங்களுக்கொருமுறை அழுத்தி, அது விழுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். பத்தாண்டு ஒருமுறையும் அழுத்தாத வீடுகள் எத்தனையோ! அது விழுந்து மீண்டும் நிற்க மறுத்தால், எல்லாக் கிளைச் சுவிச்சுகளையும் தாழ்த்தி, ட்ரிப் சுவிச்சை உயர்த்தி, பின்பு கிளைகளை ஒவ்வொன்றாக உயர்த்துக. எதனை உயர்த்தும்போது விழுகின்றதோ, பிழை அக்கிளையிலே இருக்கின்றது. நெடிய வாக்கியமொன்றிலே எழுவாயையும் பயனிலையையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிழை காண்பதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

சதுர முனைகளையுடைய 13 அம்பியர்ச் செருகியினுள்ளே சிறிய பியூஸ் ஒன்றுண்டு. மேசை விளக்குக்கு 3 அம்பியர்ப் பியூஸ் போதும். நீர் கொதிக்க வைக்கும் கேத்தலுக்கு 13 அம்பியர் வேண்டும். எரிந்த பியூசுக்குப் பதிலாக ஆணியையோ வெள்ளித்தாளையோ வைப்பவர், தீயை வீட்டுக்கு விருந்தழைக்கின்றார். கம்பிகளின் நிறமும் அறியற்பாலது. பழைய வீடுகளிலே சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமற்கம்பி, பச்சை புவிக்கம்பி. புதியவற்றிலே கபிலம் உயிர்க்கம்பி, நீலம் நொதுமற்கம்பி, பச்சையும் மஞ்சளும் கலந்தது புவிக்கம்பி. பழைய வீட்டுக்குப் புதிய அறை கட்டியவிடத்து இருவகையும் ஒன்றாக இருக்கும். அங்கே இருமடங்கு விழிப்பு வேண்டும்.

அடுத்தது நீர். குழாயின் வாய் சொட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் தேய்ந்த வாஷர் ஒன்றே. நீர்வழியை மூடி, குழாயின் தலையைக் கழற்றி, சில ரூபா பெறுமதியான அவ்வட்டத்தை மாற்றக் கால்மணி நேரம் போதும். நொடிக்கு ஒரு துளி வீதம் சொட்டும் குழாய் ஒருநாளில் 86,400 துளிகளை இழக்கின்றது. இருபது துளி ஒரு மில்லிலீற்றர் எனக் கொண்டால், அது நாளொன்றுக்கு 4 லீற்றருக்கு மேல். மாதத்துக்கு ஏறத்தாழ 130 லீற்றர். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு குடாநாட்டுக்கு இல்லை. சுண்ணக்கற் படுகையிலே தங்கும் மழைநீரே நம் கிணறுகளுக்கு உயிர். அதனைத் துளித்துளியாகச் சிந்தவிட்டு, நீர்வளம் காப்போம் என்று கட்டுரை எழுதுவித்தலாற் பயனென்ன?

மூன்றாவது சமையலெரிவாயு. 2021 ஆம் ஆண்டின் இறுதியிலே நம் நாட்டின் பல இடங்களிலே அடுப்புகளும் சிலிண்டர்களும் தொடர்பான வெடிப்புகள் நேர்ந்து மக்கள் அஞ்சியதை எவரும் மறந்திரார். அவ்வாயு காற்றினும் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு தங்கும். இறப்பர்க் குழாயின் வெடிப்பையும் ஒழுங்காக்கியின் இறுக்கத்தையும் சவர்க்கார நீர் பூசிச் சோதிக்கலாம். குமிழி எழுந்தால் அங்கே கசிவுண்டு. மணம் எழுந்தவிடத்துச் சிலிண்டரை மூடி, கதவுகளையும் யன்னல்களையும் திறத்தல் வேண்டும். மின்விளக்குச் சுவிச்சைத் தொடுதல் ஆகாது. இது தெரிந்திருப்பதற்குச் செலவு ஏதுமில்லை. தெரியாதிருப்பதற்குச் செலவு உயிராகலாம். கூரையைப் பற்றி ஒன்றே சொல்வோம்: புரட்டாதியிலே ஓட்டையும் பீலியையும் பார்த்தவர், கார்த்திகையிலே பாத்திரம் ஏந்தி ஒழுக்குக்கு நிற்கமாட்டார்.

இனிக் காரை நோக்குவோம். சில்லு மாற்றுதல் வலிமையினும் ஒழுங்கையே மிகுதியும் வேண்டுவது. சமமான கடுந்தரையிலே வண்டியை நிறுத்திக் கைத்தடையை இழுத்து, எதிர்மூலைச் சில்லுக்குக் கல் அணை கொடுக்க. வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைச் சிறிது தளர்த்துக. தூக்கிய பின்பு தளர்த்த முயன்றால் சில்லே சுழலும். பூட்டும்போது அடுத்தடுத்து இறுக்காது எதிரெதிராக இறுக்குக. நிலத்திலே இறக்கிய பின் மீண்டும் இறுக்குக. ஜக்கி ஒன்றை மாத்திரம் நம்பி வண்டியின் கீழே உடலைச் செலுத்துதல் ஒருபோதும் ஆகாது. மேலதிகச் சில்லிலே காற்றுண்டா என்பதை வீட்டிலேயே பார்த்தல் வேண்டும். நடுவழியிலே காற்றில்லாச் சில்லைக் கண்டு வருந்துவோர் பலர். ரயரின் பக்கத்திலே நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என இருந்தால், அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமையிற் செய்யப்பட்டது. புதியதென விற்கப்படும் ரயரின் வயதை அறிய இவ்விலக்கம் ஒன்றே போதும்.

இயந்திரம் சூடேறிய வேளையிலே றேடியேற்றரின் மூடியைத் திறவாதீர். அதனுள்ளே அழுத்தத்தின் கீழே இருக்கும் நீர், நூறு பாகையைக் கடந்தும் கொதியாது நிற்கின்றது. மூடி திறந்து அழுத்தம் நீங்கியவுடன் அது ஆவியாகப் பொங்கி முகத்தைச் சுடும். பௌதிக வகுப்பிலே கொதிநிலையும் அழுத்தமும் பற்றி அழகுற விடையெழுதிய மாணவன், வீதியோரத்திலே அம்மூடியிற் கை வைப்பானாயின், அவன் கற்றது எங்கே போயிற்று? பற்றரியின் முனைகளிலே வெண்பச்சைப் பூச்சுப் படிந்தால் வண்டி முடுக்குதற்கு மறுக்கும். இணைப்பைக் கழற்றி வெந்நீராற் கழுவித் துடைத்து, இறுகப் பூட்டி, சிறிது கிறீஸ் தடவினால் பெரும்பாலும் குறை நீங்கும். எண்ணெயின் அளவைச் சம நிலத்திலே, இயந்திரம் நின்று சில நிமிடங்களான பின்பு பார்க்கவேண்டும். தடுப்பு எண்ணெய் குறைந்து வருமாயின், அதை மேலும் ஊற்றி அமைதல் கூடாது. எங்கோ ஒழுகுகின்றது, அல்லது தடுப்புக் கட்டைகள் தேய்ந்துள்ளன என்னும் அறிவித்தல் அது.

இக்காலக் கார்கள் கணினிகள் நிறைந்தவை, அவற்றிலே நாம் கை வைப்பதெங்ஙனம் என்று கேட்போர் உளர். உண்மையே, எல்லாவற்றிலும் கை வைக்குமாறு நாம் சொல்லவில்லை. கலப்புமின் கார்களிலே செம்மஞ்சள் உறையிட்ட தடித்த கம்பிகள் செல்லும். அவை உயர்ந்த வோல்ற்று மின்னைச் சுமப்பவை, பயிற்சியில்லாதவர் தொடலாகாது. ஆனால் அதே கார்கள் பலவற்றிலே, பின்னிருக்கையின் அருகேயுள்ள காற்றுவாய் பற்றரியைக் குளிர்விப்பதற்கென அமைந்தது. அதன் மேலே துணிப்பையை வைத்து மூடாதிருக்கவும், தூசி அடையாது காக்கவும் எவருக்கும் இயலும். எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கலாகாது எனப் பிரித்தறிதலும் இக்கல்வியின் பாதி. முதலுதவி கற்றவர் அறுவை செய்வதில்லை. ஆனால் மருத்துவர் வரும் வரைக்கும் உயிரைக் காக்கின்றார்.

எல்லோரும் தாமே திருத்தினால் தொழிலாளர் பிழைப்பது எவ்வாறு என்பது மற்றொரு தடை. நாம் கண்ட அளவிலே நிலைமை வேறு. ஏதும் அறியாதவருக்கு நல்ல தொழிலாளியும் ஒன்றே, ஏமாற்றுவோரும் ஒன்றே. இருவரையும் ஒருங்கே ஐயுற்றுக் கூலியிலே பேரம் பேசுவார். சிறிது அறிந்தவரோ, எந்த வேகத்திலே எந்தச் சில்லிலிருந்து ஓசை வருகின்றது, காலையிலா சூடேறிய பின்பா என்று தெளிவாகச் சொல்லுவார். வேலையின் அருமையை உணர்ந்து தக்க கூலியை மனமுவந்து கொடுப்பார். செய்து பார்த்தவருக்கே செய்வோரின் அருமை தெரியும். பெண்பிள்ளைகளுக்கு இது வேண்டுமா என்று கேட்போருக்கு, புட்வால்விலிருந்து சருகை எடுத்த மாணவியே விடை.

பரீட்சைக்கு ஓடும் பிள்ளைகளுக்கு நேரமேது என்பது பெற்றோரின் குரல். இங்கேதான் நம் கல்விமுறையின் பழைய நோய் வெளிப்படுகின்றது. 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திலே தொழில்முன்னிலைப் பாடங்கள் புகுத்தப்பட்டன. அவை நீண்ட காலம் நிலைக்கவில்லை. பின்னாளிலே செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்னும் பாடம் இடைநிலை வகுப்புகளுக்கு வந்தது. 2013 ஆம் ஆண்டிலே உயர்தரத்தில் தொழினுட்பத் துறை தொடங்கப்பட்டது. நோக்கங்கள் நல்லன. ஆனால் குறட்டின் படத்தைக் கொப்பியிலே வரைந்து, அதன் பாகங்களுக்குப் பெயரெழுதி, முழுப்புள்ளி பெற்று, குறட்டைக் கையிலே பிடித்தறியாது செல்லும் மாணவரை எத்தனை பாடசாலைகளிலே காண்கின்றோம்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்னும் பழமொழியை விளக்கி எழுதுவிக்கும் நாமே ஏட்டிலே சுரைக்காய் வளர்க்கின்றோம். பரீட்சைக்காக ஐந்தாண்டு படிப்பவனுக்கு, வாழ்நாள் முழுதும் பயன்படும் கலைக்குக் கிழமைக்கு இரண்டு மணி நேரம் இல்லையென்பது கணக்கறியாதார் கூற்று.

ஆதலால் பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோளை இம்மலரின் வாயிலாக வைக்கின்றோம். விழாக்களின் நினைவாக வளைவுகளும் மேடைகளும் கட்டப்படுவது வழக்கம். அவற்றை இகழ்கின்றோமல்லோம். ஆயினும் இம்முறை, நினைவுச்சின்னமாகத் திருத்தகம் ஒன்றை அமைத்தல் ஆகாதா? ஒரு பழைய வகுப்பறை போதும். உறுதியான மரமேசைகள், இறுக்கிகள் சில, ஸ்பனர், குறடு, திருப்புளி, அரம், சுத்தியல் ஆகியவற்றிலே சில தொகுதிகள், ஓடாத மோட்டார் இயந்திரம் ஒன்று, பழைய துவிச்சக்கரவண்டிகள் சில, ஆபத்தில்லாத 12 வோல்ற்று மின்னிலே கம்பியிணைப்புப் பயிலும் பலகைகள் ஆகிய இவை அமைந்தால் தொடங்கலாம். மாணவர் தம் வீட்டிலிருந்து பழுதான பொருளைக் கொண்டுவந்து, கழற்றி, காரணம் கண்டு, பூட்டிச் செல்லட்டும். பூட்டிய பின் ஓடாவிட்டாலும், உள்ளே என்ன இருக்கின்றது என்பதையாவது கண்டவராவர்.

அங்கே கற்பிப்போர் யார் என்பதே நாம் சொல்லவந்தவற்றுள் தலையாயது. விழா மலர்களின் பெயர்ப் பட்டியல்களிலே இடம்பெறாத பழைய மாணவர் பலர் எமக்குண்டு. குடும்ப வறுமையாலோ போரினாலோ பரீட்சையிலே தவறியதாலோ படிப்பை இடையில் விட்டுச் சென்றவர்கள். இன்று அவருட் சிலர் கராச் நடத்துகின்றனர். சிலர் மின்னிணைப்புச் செய்கின்றனர். சிலர் சந்தியிலே துவிச்சக்கரவண்டி திருத்துகின்றனர். அவர்களும் இதே மண்டபத்திலே தேவாரம் ஓதியவர்கள். இதே மரநிழலிலே நின்றவர்கள். விழா நாளிலே கல்லூரி வாயிலைக் கடந்து செல்லும்போது, இது படித்தவர்களின் விழா எனத் தமக்குள் எண்ணி உள்ளே வராது போகின்றனர். அவர்களைச் சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் ஆசிரியராக அழைப்போமாக. மாணவர் அவர்களை எழுந்து நின்று, வணக்கம் ஐயா என்று வரவேற்கட்டும். அவ்வொரு வரவேற்பிலே, பல தலைமுறையாக நாம் செய்துவந்த பிழையொன்றும் திருந்தத் தொடங்கும்.

பரிசளிப்பு விழாவிலே தமிழுக்கும் கணிதத்துக்கும் பரிசு வழங்குவதுபோல, ஆண்டிலே மிகச் செவ்விதாகத் திருத்திய மாணவருக்கும் ஒரு பரிசு வழங்கப்படட்டும். அதற்குக் கேடயம் வேண்டியதில்லை. நல்ல ஸ்பனர்த் தொகுதி ஒன்றே சிறந்த பரிசாகும். வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர் இதனைத் தாங்கவல்லவர். தம் பெற்றோரின் வீட்டுக் கதவைத் தட்டி, அம்மா, ஏதேனும் பழுதுண்டா என்று கேட்கும் இளைஞர் கூட்டமொன்று ஊரிலே உருவாகுமாயின், அதனினும் மேலான ஆறுதல் அவருக்கு வேறென்ன இருக்கின்றது?

பிழை காணுதல் எளிது. பழுதானதை எறிதல் அதனினும் எளிது. காரணம் கண்டு, பொறுமையோடு கை வைத்து, மீண்டும் பயன்படச் செய்தலே அரிது. அவ்வரிய பழக்கம் குழாயிலும் சில்லிலும் தொடங்கினும் அங்கேயே நின்றுவிடுவதன்று. வீட்டையும் ஊரையும் நாட்டையும் நோக்கும் கண்ணையே அது மாற்றவல்லது. எமது கல்லூரியிலிருந்து வெளிச்செல்லும் ஒவ்வொருவரும் எழுதத் தெரிந்த கையோடு திருத்தத் தெரிந்த கையும் உடையவராய் விளங்குவாராக. அதற்கான முதற்கதவை இவ்விழா ஆண்டிலேயே திறந்து வைக்கச் சங்கத்தார் முன்வருவாராக.